இருந்தும் இல்லாத போர்ட்

வீட்டு இணையத்துக்காக நிறுவனம் கொண்டுவந்து வைத்த ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். மின் அடாப்டர் செருகும் இடம், ஒன்றிரண்டு லேன் போர்ட், ரீசெட் செய்ய ஓர் ஊசித்துளை இருக்கும். இப்போது வரும் பல ரவுட்டர்களில் இவற்றோடு நீள்வட்டமாக ஒரு டைப்-சி போர்ட்டும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வீட்டில் எல்லோரும் படம் பார்க்கலாம். லேப்டாப்பை நேராக இணைத்தால் வைஃபையைவிட வேகமாக இணையம் வரலாம். ஒன்றும் இல்லாவிட்டால் போனுக்குச் சார்ஜாவது ஏறலாம்.

செருகுகிறோம். எதுவும் நடப்பதில்லை. கேபிளை மாற்றுகிறோம், ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், கடைசியில் வாடிக்கையாளர் சேவையை அழைக்கிறோம். "அந்த போர்ட் பயன்பாட்டில் இல்லை சார்" என்று பதில் வருகிறது. எனக்கும் இந்தப் பதில்தான் கிடைத்தது. பயன்படாத போர்ட்டை எதற்கு வைத்தார்கள், என்றைக்காவது பயன்பாட்டுக்கு வருமா என்று கேட்டதற்கு எதிர்முனையில் இருந்தவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவும் மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் சேவையில், கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு பாகம் எதற்கு என்று தெரியாமல் இருப்பது எரிச்சலான விஷயம். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ஒரு டைப்-சி போர்ட் வேலை செய்ய மூன்று படிகள் தாண்ட வேண்டும். முதலில் மின்சாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தீர்மானமாக வேண்டும். அடுத்து, இணைந்த இரண்டு கருவிகளில் யார் கட்டளையிடுபவர், யார் கீழ்ப்படிபவர் என்பது முடிவாக வேண்டும். மூன்றாவதாக, உள்ளே ஓடும் மென்பொருள் அனுமதிக்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: எதுவும் நடக்காது. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

வடிவம் சொன்ன சேதி

1990-களின் கணினிக்குப் பின்னால் கீபோர்டுக்கு ஒரு போர்ட், மவுஸுக்கு ஒன்று, பிரிண்டருக்கு அகலமாக ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று என்று வரிசையாக இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது யூஎஸ்பி. முதல் தரநிலை 1996 ஜனவரியில் வந்தது. இன்டெல்லில் இந்த முயற்சியை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்து வளர்ந்த அஜய் பட்.

பழைய யூஎஸ்பியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கணினிப் பக்கம் செருகுவது தட்டையான செவ்வகம், அதாவது டைப்-ஏ. பிரிண்டர் பக்கம் செருகுவது ஏறக்குறைய சதுரமான டைப்-பி. இரண்டு முனைகளும் வேறு வேறு வடிவம் என்பதால் ஒன்றை மற்றதில் தவறாகச் செருகவே முடியாது. மின்சாரம் தருவது எந்தப் பக்கம், கட்டளையிடுவது எந்தப் பக்கம் என்பதை வடிவமே சொல்லிவிடும்.

2014 ஆகஸ்டில் இறுதி செய்யப்பட்ட டைப்-சி இந்த வேறுபாட்டை அழித்தது. கேபிளின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி. மேல் கீழ் பார்க்காமல் எப்படி வேண்டுமானாலும் செருகலாம். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அதுவரை வடிவம் சொல்லிக்கொண்டிருந்த சேதியை இனி யார் சொல்வது? அந்தப் பொறுப்பு மின்சுற்றின் மேல் விழுந்தது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்ததை இப்போது கருவிகள் தங்களுக்குள் பேசித் தெரிந்துகொள்கின்றன. அந்தப் பேச்சு நம் காதுக்கு எட்டுவதில்லை.

டைப்-சி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன் மேல்பக்கம் 12, கீழ்ப்பக்கம் 12 என மொத்தம் 24 முனைகள். நான்கு மின்சாரம் கொண்டுபோக, நான்கு தரை இணைப்புக்கு. நான்கு பழைய யூஎஸ்பி 2.0 தரவுக்கு, எட்டு அதிவேகத் தரவுக்கு. மீதமுள்ள நான்கில் இரண்டு வீடியோ போன்ற துணை வேலைகளுக்கு. கடைசி இரண்டின் பெயர் சிசி. பேச்சு முழுக்க நடப்பது இந்த இரண்டில்தான்.

இந்த 24 முனைகளையும் உள்ளே கம்பியோடு இணைத்தாக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. மின்சாரத்துக்கு மட்டும் கம்பி கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க அதே டைப்-சிதான். 2023-ல் வந்த ஐபோன் 15-ஐயும் ஐபோன் 15 ப்ரோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடியில் உள்ள போர்ட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதலாவது அனுப்பும் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், இரண்டாவது 10 கிகாபிட். இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு. ப்ரோ பெட்டிக்குள் வரும் கேபிளும் 480 மெகாபிட் கேபிள்தான். முழு வேகம் வேண்டுமென்றால் தனியாக வேறு கேபிள் வாங்க வேண்டும்.

5.1 கிலோஓம்

டைப்-ஏ போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். டைப்-சி அப்படி இல்லை. எதிரில் உண்மையிலேயே மின்சாரம் வாங்கும் கருவி இருக்கிறது என்று உறுதியாகும்வரை அதன் மின் முனைகளில் 0 வோல்ட்தான். வாசலில் மணி அடித்தவர் யாரென்று கேட்டுவிட்டுக் கதவைத் திறப்பது போன்ற முன்னெச்சரிக்கை இது.

அந்த அடையாளத்தைச் சொல்வது ஒரு சின்ன மின்தடை. மின்சாரம் வாங்கும் கருவி தன் சிசி முனை ஒவ்வொன்றையும் 5.1 கிலோஓம் மின்தடை வழியாகத் தரையோடு இணைத்திருக்க வேண்டும். மின்சாரம் தரும் கருவி தன் பக்கத்தில் வேறொரு மின்தடை வைத்திருக்கும். அதை 5 வோல்ட்டோடு இணைத்திருந்தால் மதிப்பு 56, 22, 10 கிலோஓம் ஆகியவற்றில் ஒன்று. கேபிள் செருகியதும் இந்த இரண்டு மின்தடைகளும் வரிசையாகச் சேர்ந்து நடுவில் ஒரு மின்னழுத்தம் உருவாகும். 56 என்றால் ஏறக்குறைய 0.4 வோல்ட், 22 என்றால் 0.9, 10 என்றால் 1.7. வாங்கும் கருவி இதை அளந்து பார்த்து, எதிரில் இருப்பது சாதாரண யூஎஸ்பி அளவா, 1.5 ஆம்பியரா, 3 ஆம்பியரா என்று புரிந்துகொள்கிறது. இரண்டு சிசி முனைகளில் எதில் இந்த அழுத்தம் தெரிகிறது என்பதை வைத்தே, கேபிள் எந்தப் பக்கம் திருப்பிச் செருகப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சில பைசா விலையுள்ள இந்த மின்தடையைச் சேர்க்காமல் விட்ட கருவிகள் சந்தையில் நிறைய உண்டு. பழைய டைப்-ஏ சார்ஜரில் அவை சார்ஜ் ஆகும், ஏனென்றால் அங்கே 5 வோல்ட் கேட்காமலே வருகிறது. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் அசையாது. "இந்த சார்ஜர் இதற்குச் சேராது" என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். குற்றம் சார்ஜர் மேல் இல்லை. கருவி தன்னை அடையாளம் காட்டவில்லை.

தேர்ந்த பொறியாளர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணினியில் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாக மின்தடை வைக்காமல், இரண்டையும் சேர்த்து ஒரே மின்தடையில் கட்டிவிட்டார்கள். சாதாரண கேபிளில் அது ஒழுங்காக ஓடியது. அடையாளச் சிப் உள்ள தரமான கேபிளைப் போட்டால், எதிரே ஹெட்போன் அடாப்டர் இருக்கிறது என்று சார்ஜர் தப்பாக எண்ணிக்கொண்டு மின்சாரமே தரவில்லை. விலை குறைந்த கேபிள் வேலை செய்தது, விலை கூடிய கேபிள் வேலை செய்யவில்லை! தயாரிப்பாளர்கள் தவறை ஒப்புக்கொண்டு, பின்னர் வந்த போர்டுகளில் திருத்தினார்கள்.

கேபிளிலேயே தவறு இருந்தால் விளைவு இன்னும் மோசம். கூகுள் பொறியாளர் பென்சன் லியங் 2015-ல் சந்தையில் கிடைத்த டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து, எது தரநிலைப்படி இருக்கிறது, எது இல்லை என்று எழுத ஆரம்பித்தார். 56 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 வைத்து, இல்லாத 3 ஆம்பியரை இருப்பதாகச் சொல்லும் கேபிள்கள் பல அகப்பட்டன. 2016-ல் மின் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாற்றி இணைக்கப்பட்ட ஒரு கேபிள் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய லேப்டாப்பையே பழுதாக்கியது. அதே ஆண்டு, தரநிலைக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடை விதித்தது.

யார் கட்டளையிடுவது?

மின்சாரம் ஒழுங்காகப் போனாலும் தரவு போகும் என்று நம்ப முடியாது. யூஎஸ்பியில் எப்போதும் ஒரு பக்கம் தலைமை, மறுபக்கம் துணை. கணினி தலைமை, பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர் எல்லாம் துணை. இரண்டு தலைமைகளை இணைத்தால் பேச்சு தொடங்காது. இரண்டு துணைகளை இணைத்தாலும் அப்படியே.

இப்போது நம் இரண்டு ஆசைகளைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைச் செருக வேண்டுமென்றால் ரவுட்டர் தலைமையாக இருக்க வேண்டும். லேப்டாப்பைச் செருகி இணையம் எடுக்க வேண்டுமென்றால் லேப்டாப் தலைமையாக இருக்க, ரவுட்டர் துணையாக இறங்கி, தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ள வேண்டும். போனில் யூஎஸ்பி டெதரிங் போடும்போது போன் செய்வது இதைத்தான். இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரே போர்ட்டில் இரண்டையும் மாறி மாறிச் செய்ய முடியும். அதற்கான சிப்பும் மென்பொருளும் இருந்தால்.

மென்பொருள்தான் மூன்றாவது படி. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். அதில் யூஎஸ்பி சேமிப்புக்கான டிரைவர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்க்கின் ஃபார்மட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். படித்ததை வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் சேவை ஒன்று ஓட வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் டிஸ்க் கண்ணில் படாது. பெரிய பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட், லினக்ஸின் மையப் பகுதியில் முறையாக இடம்பிடித்தது 2020-ல்தான். பழைய லினக்ஸ் ஓடும் ரவுட்டரில் நல்ல டிஸ்க்கும் வெற்று டிஸ்க் போல நடத்தப்படுவது இதனால்தான்.

அந்த மென்பொருள் நம் கையில் இருப்பதும் இல்லை. நிறுவனம் கொடுத்த ரவுட்டரை நிறுவனமே தொலைவிலிருந்து நிர்வகிக்கிறது. டிஆர்-069 என்ற நெறிமுறை 2004-லிருந்து இதற்காகவே இருக்கிறது. இரவில் ரவுட்டர் தானாக அணைந்து எரிந்தால், புதிய மென்பொருள் இறங்கியிருக்கலாம். அதில் ஒரு போர்ட்டைத் திறக்கவும் முடியும், நேற்றுவரை திறந்திருந்ததை மூடவும் முடியும்.

ஏன் மூடி வைக்கிறார்கள்?

நான்கு காரணங்கள் உண்டு. அவற்றில் நியாயமானவையும் இருக்கின்றன.

முதலாவது உற்பத்தி. ஒரே மின்சுற்றுப் பலகையைத் தயாரித்துப் பல நாடுகளில், பல நிறுவனங்களுக்கு விற்பது சிக்கனம். ஒரு நிறுவனம் சேமிப்பு வசதி கேட்கும், இன்னொன்று வேண்டாம் என்னும். வேண்டாம் என்றவர்களுக்காகத் தனி அச்சு வார்த்துத் துளையை அடைப்பதைவிட, மென்பொருளில் அணைத்துவிடுவது மலிவு. தொழிற்சாலையில் சோதனை செய்யவும் பழுது பார்க்கவும் மட்டுமே வைத்த போர்ட்களும் உண்டு.

இரண்டாவது மின்சாரக் கணக்கு. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் மொத்தம் 24 வாட். டைப்-சி போர்ட் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வெளியே தருவதாகச் சொன்னால் 15 வாட் அங்கேயே போய்விடும். மீதி 9 வாட்டில் 5ஜி ரேடியோ, வைஃபை, பிராசசர் எல்லாம் ஓட வேண்டும். அதனால் பெரிய அடாப்டர் வைக்க வேண்டும், அல்லது போர்ட்டை மூட வேண்டும். எது மலிவோ அது நடக்கிறது.

மூன்றாவது வானலை இரைச்சல். 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யூஎஸ்பி 3.0, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே அலைவரிசை. இதை அளந்து 2012-ல் இன்டெல் ஓர் அறிக்கை வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இணைத்ததும் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு, கூடியதாக அது காட்டியது. ஆன்டெனாக்கள் நெருக்கமாக இருக்கும் ரவுட்டருக்குள் இது சின்ன விஷயம் இல்லை. டிஸ்க் வேலை செய்யும், பக்கத்து அறையில் வைஃபை தடுமாறும். பழி வைஃபையின் மேல் விழும்.

நான்காவது பாதுகாப்பு. யூஎஸ்பி கருவிகளை நெட்வொர்க் வழியாகப் பகிர நெட்யூஎஸ்பி என்ற மென்பொருள் பல பிராண்டு ரவுட்டர்களில் சேர்க்கப்பட்டிருந்தது. தைவானின் கேகோட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இணைகிற கணினி தன் பெயரைச் சொல்லும்போது, அது 64 எழுத்துகளுக்கு மேல் போனால் நினைவகம் நிரம்பி வழிந்தது. அந்த வழியாக ஒருவர் ரவுட்டரையே கைப்பற்றிவிட முடியும். 2015-ல் இது வெளியே தெரிந்தபோது பல நிறுவனங்களின் ரவுட்டர்களைத் திருத்த வேண்டியிருந்தது. அதே மென்பொருளில் வேறொரு ஓட்டை 2022-ல் வெளிவந்தது. ஆக, யாரும் பயன்படுத்தாத சேவையை மூடி வைப்பது பாதுகாப்புக்கு நல்லதே.

பழுதா, மூடப்பட்டதா?

உங்கள் ரவுட்டரில் உள்ளது எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதலில் போர்ட்டின் அருகே அச்சடித்திருப்பதைப் பாருங்கள். மின்சாரக் குறி இருந்தால் அது அடாப்டருக்கான வழி. அதோடு வந்த அடாப்டரை மட்டும் செருகுங்கள். குறி எதுவும் இல்லையென்றால் எந்தச் சார்ஜரையும் அதில் செருகாதீர்கள். குறிப்பாக ஒரு முனை டைப்-ஏ உள்ள கேபிள் வேண்டாம். அது கேட்காமலே 5 வோல்ட்டை உள்ளே தள்ளும்.

மல்டிமீட்டர் வைத்து அளந்து 0 வோல்ட் காட்டினால் போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எதுவும் செருகாத நல்ல டைப்-சி போர்ட்டும் 0 வோல்ட்தான் காட்டும். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போனைச் செருகி, சார்ஜ் குறி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் முனையைத் திருப்பிச் செருகுங்கள். ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் செய்யவில்லையென்றால் அது பெரும்பாலும் வன்பொருள் பழுது: சிசி முனை ஒன்று போயிருக்கும், அல்லது உள்ளே பஞ்சு அடைத்திருக்கும். ரவுட்டரை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். நாக்கை நெம்பக் கூடாது. டைப்-சி 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. எப்போதோ ஒரு முறை தொடும் ரவுட்டர் போர்ட் தேய்ந்து போக வாய்ப்பே இல்லை.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் டிஸ்க் தெரியவில்லை என்றால் மென்பொருள் பக்கம் பாருங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் யூஎஸ்பி, சேமிப்பு, பகிர்வு என்று எந்தப் பிரிவும் இல்லையென்றால் வசதி மூடப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஃபேட்32 ஃபார்மட்டில் ஒருமுறை முயன்று பார்க்கலாம். அதற்குமுன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள், ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்புக்குக் கம்பி வழியாக இணையம் வேண்டுமென்றால் டைப்-சி போர்ட்டோடு போராட வேண்டியதே இல்லை. லேப்டாப் பக்கத்தில் ஒரு டைப்-சி ஈதர்நெட் அடாப்டர் போட்டு, ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளை இணையுங்கள். அந்த போர்ட் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

சொல்லிவிடுங்கள்

மூடி வைக்கும் காரணங்களில் சில நியாயமானவை என்று பார்த்தோம். சொல்லாமல் மூடுவதற்கு ஒரு காரணமும் கிடையாது. டைப்-ஏ காலத்தில் வடிவமே எல்லாவற்றையும் சொன்னது. அந்த வடிவத்தை நாம் விட்டுக்கொடுத்த பிறகு, சொல்லும் கடமை தயாரிப்பவருக்கு வந்து சேர்கிறது. போர்ட்டின் பக்கத்தில் "மின்சாரம் உள்ளே மட்டும்", "சேமிப்புக்கு மட்டும்", "சோதனைக்கு, பயனருக்கு அல்ல" என்று இரண்டு சொற்கள் அச்சடித்தால் போதும். எத்தனையோ பேரின் மாலைப்பொழுதும் எத்தனையோ தேவையில்லாத அழைப்புகளும் மிச்சமாகும்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், இணைய நிறுவனம் தரும் ரவுட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி நீங்கியது. அங்கே ஒருவர் தனக்கு வேண்டிய போர்ட்கள் உள்ள ரவுட்டரைத் தானே வாங்கி இணைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் இருக்கும் கருவியின் மேல் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். அந்த உரிமை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

நிலைமை மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரவுட்டர் மாட்ட வருபவர் கிளம்புவதற்கு முன், பின்பக்கம் இருக்கும் ஒவ்வொரு துளையையும் காட்டி "இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் அந்த இரண்டு சொற்களை அச்சடிக்க யாருக்காவது தோன்றும்.